மனச்சிதைவு, மன அழுத்தம், நரம்புத் தளர்ச்சி: மனநலச் சொற்கள் எங்கிருந்து வந்தன, எதைக் குறிக்கின்றன?

ஒரு கொலைச் செய்தியை எடுத்துக்கொள்வோம். தலைப்பில் 'சைக்கோ கொலையாளி' என்று இருக்கும். முதல் பத்தியில் அதே ஆள் 'மனநலம் பாதிக்கப்பட்டவர்' ஆகிவிடுவார். கொஞ்ச நாளாகவே அவர் 'மன அழுத்தத்தில்' இருந்தார் என்று அக்கம்பக்கத்தார் சொல்வார்கள். கடைசியில், அவர் 'சித்த சுவாதீனம்' இல்லாதவரா என்று போலீஸார் விசாரிப்பதாக ஒரு வரி வரும். நான்கும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன என்று நினைத்துக்கொண்டு நாமும் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம்.

நான்கும் வேறு வேறு. முதலாவது வசைச்சொல். இரண்டாவது நூற்றுக்கணக்கான நிலைகளுக்குப் பொதுவான பெயர். மூன்றாவது ஒரு நோயாகவும் இருக்கலாம், பரீட்சைக்கு முந்தின நாள் எல்லோருக்கும் வரும் படபடப்பாகவும் இருக்கலாம். நான்காவது நீதிமன்றத்துக்குச் சொந்தமான சொல். எந்த மருத்துவரும் அதை நோய்ப் பெயராக எழுதுவதில்லை.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. டைஃபாய்டு என்றால் இன்ன கிருமி, ரத்தப் பரிசோதனையில் இப்படித் தெரியும் என்று சொல்லிவிடலாம். பெரும்பாலான மனநோய்களுக்கு அப்படி ஒரு பரிசோதனை இன்றும் கிடையாது. நோயாளி சொல்வதையும் நடந்துகொள்வதையும் பார்த்து, அந்தக் காலத்து மருத்துவர் தனக்குத் தெரிந்த விளக்கத்தை வைத்துப் பெயர் சூட்டினார். பிறகு விளக்கம் பொய்த்துப்போனது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. அந்தப் பழைய விளக்கம் பெயருக்குள் உட்கார்ந்துகொண்டு இன்றைக்கும் நம்மைத் தவறாக வழிநடத்துகிறது. அதனால் இந்தச் சொற்களின் பிறப்பைத் தெரிந்துகொள்வது யாருக்கு என்ன சிகிச்சை கிடைக்கிறது என்பதோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட காரியம்.

உளவியலாளர் யார், மனநல மருத்துவர் யார்?

'சைக்கே' என்ற கிரேக்கச் சொல்லுக்கு மூச்சு, உயிர், ஆன்மா என்றெல்லாம் பொருள். அதோடு 'படிப்பு' சேர்ந்தால் சைக்காலஜி. 'மருத்துவர்' என்று பொருள்படும் 'இயாட்ரோஸ்' சேர்ந்தால் சைக்யாட்ரி. இரண்டாவது சொல்லை 1808இல் உருவாக்கியவர் ஜெர்மனியின் ஹாலே நகரத்து மருத்துவர் யோஹான் கிறிஸ்டியன் ரைல். மனதுக்கான மருத்துவமும் மற்ற மருத்துவப் பிரிவுகளைப் போலவே மருத்துவர் கையில் இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். உளவியல் அதற்கு வெகுகாலம் பின்பும் தத்துவத்தின் ஒரு கிளையாகத்தான் இருந்தது. 1879இல் வில்ஹெல்ம் வுண்ட் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூடம் தொடங்கியதைத்தான் அது தனித்துறை ஆன ஆண்டாகக் கணக்கிடுகிறார்கள்.

நடைமுறையில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநல மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுவார். சிகிச்சை உளவியலாளர் உளவியலில் மேற்படிப்பும் பயிற்சியும் பெற்று, இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்தவர். பரிசோதனைகள் செய்வார், பேச்சு வழியாகச் சிகிச்சை தருவார், மருந்து எழுத மாட்டார். தமிழ்நாட்டில் 'கவுன்சிலிங்' என்ற சொல் பொறியியல் கல்லூரிச் சேர்க்கைக்கும் இதற்கும் சேர்த்தே வழங்குகிறது. இலங்கைத் தமிழில் 'உளவளத்துணை' என்று தெளிவான ஒரு சொல் இருக்கிறது. நாமும் அதை எடுத்துக்கொண்டால் நல்லது.

பெயர்கள் பிறந்த வழிகள்

பழைய பெயர்களைப் பிரித்துப் பார்த்தால், அவை நோயைப் பற்றிச் சொல்வதைவிட வைத்தவர்களின் நம்பிக்கையைப் பற்றித்தான் அதிகம் சொல்கின்றன.

1. உடல் நீர்கள். 'மெலன்கோலியா' என்றால் கிரேக்கத்தில் கரும்பித்தம். உடலில் நான்கு நீர்கள் ஓடுகின்றன, அதில் கரும்பித்தம் மிஞ்சினால் மனம் வாடும் என்பது ஹிப்போகிரேட்டஸ் மரபு. நம்மூரிலும் இதே கதைதான். பித்தம் தலைக்கேறினால் பித்து. 'பைத்தியம்' என்ற சொல்லும் பித்தத்தோடு தொடர்புள்ள வடசொல்லின் வழியே வந்தது. இன்று வசையாக ஒலிக்கும் அந்தச் சொல் ஒரு காலத்தில் மருத்துவச் சொல். சிவனையே பித்தன் என்று உரிமையோடு கூப்பிட்ட மொழியில் அதற்கு அன்பும் இருந்தது.

2. வானமும் தெய்வங்களும். லத்தீனில் 'லூனா' என்றால் நிலா. நிலாவின் வளர்பிறை தேய்பிறையால் புத்தி பேதலிக்கிறது என்ற நம்பிக்கையில் பிறந்தது 'லூனட்டிக்'. நம்மிடமும் அமாவாசை, பௌர்ணமிக் கதைகளுக்குப் பஞ்சமில்லை. காட்டில் திடீரென்று பயமுறுத்தும் 'பான்' என்ற தெய்வத்தின் பெயரிலிருந்து 'பேனிக்' வந்தது.

3. உடல் உறுப்பு. 'ஹிஸ்டெரா' என்றால் கருப்பை. அது இடம் மாறி அலைவதால்தான் பெண்களுக்கு மூச்சடைப்பும் வலிப்பும் வருகின்றன என்று நம்பியதன் மிச்சம் 'ஹிஸ்டீரியா'. முதல் உலகப் போரில் ஆயிரக்கணக்கான ஆண் சிப்பாய்களுக்கு அதே நடுக்கமும் வாயடைப்பும் வந்தபோது யாரும் கருப்பையைக் குற்றம் சொல்ல முடியவில்லை. 1915இல் சார்லஸ் மையர்ஸ் தன் மருத்துவக் கட்டுரையில் எழுதிய 'ஷெல் ஷாக்' என்ற பெயர் பரவியது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேடான டி.எஸ்.எம்., 1980இல் வந்த மூன்றாம் பதிப்பில் ஹிஸ்டீரியாவை நீக்கியது. பள்ளிக்கூடத்தில் மாணவிகள் வரிசையாக மயங்கி விழுந்தால் மட்டும் நம் பத்திரிகைகளில் அந்தச் சொல் இன்றும் உயிர் பெறுகிறது.

4. கண்ணால் கண்டதை அப்படியே சொல்வது. 'டெலிரியம்' இதற்கு நல்ல உதாரணம். லத்தீனில் 'லிரா' என்றால் உழவுச்சால். சாலை விட்டு ஏர் விலகிப் போவதுதான் சொல்லின் பொருள். நம் வழக்கில் ஜன்னி கண்டு பிதற்றுவது. இது மனநோய் அல்ல, உடல்நோயின் அடையாளம். வயதானவர் ஒருவர் நேற்றுவரை தெளிவாக இருந்துவிட்டு இன்று ஆளைத் தெரியாமல் பேசினால், சிறுநீர்த் தொற்றோ, ரத்தத்தில் உப்பு குறைந்ததோ, மருந்தின் விளைவோ காரணமாக இருக்கலாம். 'வயசாயிடுச்சு, புத்தி மாறிடுச்சு' என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாமல் உடனே பொது மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஸ்கிஸோஃப்ரீனியா: பிளந்தது எது?

இந்தத் துறையில் அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட பெயர் இதுதான் என்பேன். இதன் பிறப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஜெர்மனியில் எமில் கிரேப்பலின் என்ற மருத்துவர், தன் நோயாளிகள் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை போட்டு, நோய் எப்படித் தொடங்கியது, வருடங்கள் போகப்போக எப்படி முடிந்தது என்று குறித்து வைத்தார். அந்த அட்டைகளை அடுக்கிப் பார்த்ததில் இரண்டு பெரிய பிரிவுகள் தெரிந்தன. ஒன்றில் மனநிலை ஏறும், இறங்கும், நடுவில் ஆள் பழையபடி தெளிவாகிவிடுவார். இன்னொன்றில் இளம் வயதில் தொடங்கி, அறிவு மெல்ல மெல்ல மங்கிக்கொண்டே போவதாக அவருக்குத் தோன்றியது. இரண்டாவதற்கு 1890களில் அவர் வைத்த பெயர் 'டிமென்ஷியா ப்ரீகாக்ஸ்', அதாவது இளமையிலேயே வரும் அறிவுமங்கல். இனி மீட்சியே கிடையாது என்ற தீர்ப்பு பெயரிலேயே இருந்தது.

சூரிச்சின் பர்க்ஹோல்ஸ்லி மருத்துவமனையின் தலைவர் ஆய்கன் ப்ளாய்லருக்கு இது சரியாகப் படவில்லை. அவர் மருத்துவமனையிலேயே குடியிருந்து நோயாளிகளோடு வருடக்கணக்காகப் பழகியவர். எல்லோருக்கும் இளமையில் வருவதில்லை, எல்லோருக்கும் அறிவு மங்குவதில்லை, பலர் தேறி வீடு திரும்புகிறார்கள் என்பதை அவர் பார்த்திருந்தார். 1908 ஏப்ரல் 24 அன்று பெர்லினில் ஆற்றிய உரையில் புதுப் பெயரை முன்வைத்தார். 'ஸ்கிட்ஸெய்ன்' என்றால் பிளத்தல். 'ஃப்ரென்' என்றால் மனம். ஆதியில் அந்த இரண்டாவது சொல் நெஞ்சுப் பகுதியைக் குறித்தது. நாம் 'நெஞ்சு' என்று மார்பையும் மனதையும் சேர்த்தே சொல்வதைப் போலத்தான்.

ப்ளாய்லர் சொன்ன பிளவு ஒரு ஆளுக்குள் இரண்டு ஆட்கள் இருப்பதல்ல. சிந்தனை ஒரு பக்கம், உணர்ச்சி ஒரு பக்கம், செயல் ஒரு பக்கம் என்று மனதின் வேலைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் போவதைத்தான் அவர் பிளவு என்றார். துக்கச் செய்தியைச் சொல்லும்போது முகத்தில் துக்கம் இருக்காது. ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் இணைப்பு அறுந்திருக்கும்.

ஆனால் 'பிளந்த மனம்' என்று கேட்டவுடன் பொதுமக்கள் மனதில் ஓடியது இரட்டை ஆள் கதை. நம் சினிமாவும் தன் பங்குக்கு அதை வளர்த்தது. பகலில் சாது, இரவில் கொலைகாரன் என்றால் உடனே 'ஸ்பிளிட் பெர்சனாலிட்டி' என்று ஒரு டாக்டர் கண்ணாடியைக் கழற்றியபடி விளக்குவார். ஒருவருக்குள் பல அடையாளங்கள் தோன்றுவதாகச் சொல்லப்படும் நிலை முற்றிலும் வேறு. முன்பு 'பல ஆளுமைக் கோளாறு' என்று அழைக்கப்பட்டு, 1994இல் டி.எஸ்.எம். நான்காம் பதிப்பில் வேறு பெயர் பெற்றது. அது அரிது, அதைப் பற்றி மருத்துவர்களிடையே விவாதங்களும் உண்டு. ஸ்கிஸோஃப்ரீனியா அப்படி அரிதான நோய் அல்ல. இதில் யாரும் பேசாமலே குரல் கேட்கும், யாரோ தன்னைப் பின்தொடர்கிறார்கள் என்ற அசைக்க முடியாத எண்ணம் இருக்கும், பேச்சு கோர்வையிழக்கும். குளிப்பது, வேலைக்குப் போவது, நாலு பேரோடு பழகுவது எல்லாம் ஒவ்வொன்றாக நின்றுபோகும். வீட்டார் முதலில் கவனிப்பது பெரும்பாலும் இந்தக் கடைசி விஷயத்தைத்தான். 'சோம்பேறியாயிட்டான்' என்று திட்டிக்கொண்டிருப்பார்கள்.

இப்போது நம் சொல்லுக்கு வருவோம். தமிழில் 'மனச்சிதைவு' என்று எழுதுகிறோம். சிதைந்தது திரும்பாது. ப்ளாய்லர் எதை மறுத்தாரோ, கிரேப்பலினின் அந்த நம்பிக்கையின்மைதான் தமிழ்ச் சொல்லில் தொனிக்கிறது. ஆதாரமோ வேறு திசையைக் காட்டுகிறது. 1980களின் தொடக்கத்தில் சென்னையில், முதன்முறையாக நோய் கண்ட 90 பேரை மருத்துவர்கள் பதிவு செய்து ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது, தொடர்ந்து கவனிக்க முடிந்தவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறிகள் தணிந்திருந்தன.

பெயரை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பான் பதில் சொல்லியிருக்கிறது. அங்கேயும் பழைய பெயர் 'மனம் பிளந்த நோய்' என்பதன் நேர் மொழிபெயர்ப்பாகவே இருந்தது. நோயாளிகளின் குடும்பத்தார் சங்கம் 1993இல் மாற்றச் சொல்லிக் கேட்டது. 2002இல் மருத்துவர்கள் சங்கம் 'ஒருங்கிணைப்புக் குறைபாடு' என்ற பொருள் தரும் பெயருக்கு மாறியது. அதற்கு முன்பு, என்ன நோய் என்று நோயாளியிடமே சொல்லப்பட்டது சுமார் 37 சதவீதம் பேருக்குத்தான். இரண்டு மூன்று ஆண்டுகளில் அது சுமார் 70 சதவீதம் ஆனது. மருத்துவரால் வாய்விட்டுச் சொல்ல முடிகிற பெயர் கிடைத்ததும், நோயாளிக்குத் தன் நோயைப் பற்றித் தெரிந்துகொள்ளும் வாய்ப்புக் கிடைத்தது. தென்கொரியாவும் பிறகு பெயரை மாற்றிக்கொண்டது. தமிழில் இந்த விவாதம் இன்னும் சரியாகத் தொடங்கவே இல்லை என்பது எனக்கு வருத்தம்.

ஆட்டிசம்: ப்ளாய்லரின் இன்னொரு சொல்

'ஆட்டிசம்' என்ற சொல்லை உருவாக்கியவரும் அதே ப்ளாய்லர்தான். 'ஆட்டோஸ்' என்றால் தான். ஸ்கிஸோஃப்ரீனியா உள்ளவர் வெளியுலகத்தை விட்டுத் தனக்குள் ஒடுங்கிவிடுவதை அவர் அப்படிக் குறித்தார். 1943இல் அமெரிக்காவின் பால்டிமோரில் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதியபோது, இந்தச் சொல்லை எடுத்து முற்றிலும் வேறான ஒரு நிலைக்கு வைத்தார். அடுத்த ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கரும் அதே சொல்லைத் தான் கவனித்த சிறுவர்களுக்குப் பயன்படுத்தினார்.

சொல் இரவலாக வந்ததன் விலை பெரிது. 1980 வரை டி.எஸ்.எம். இதைக் குழந்தைப் பருவ ஸ்கிஸோஃப்ரீனியாவின் கீழ்தான் வைத்திருந்தது. ஆட்டிசம் மூளை வளர்ச்சியின் போக்கிலேயே அமைவது, பிறகு வந்து ஒட்டிக்கொள்ளும் மனநோய் அல்ல என்பது இன்று தெளிவு. 2013இல் வந்த டி.எஸ்.எம். ஐந்தாம் பதிப்பு, ஆஸ்பெர்கர் பெயரில் இருந்த தனிப்பிரிவையும் சேர்த்து எல்லாவற்றையும் ஒரே நிறமாலையாக ஆக்கியது. (ஆஸ்பெர்கர் நாஜி ஆட்சிக்கு ஒத்துழைத்து, ஊனமுற்ற குழந்தைகள் கொல்லப்பட்ட நிலையத்துக்குச் சில குழந்தைகளை அனுப்பினார் என்று 2018இல் ஆவணங்களோடு ஓர் ஆய்வு வெளியானது. அந்தப் பெயரைத் தவிர்க்க அதுவும் ஒரு காரணம்.)

தமிழக அரசு ஆவணங்களில் 'புற உலகச் சிந்தனை அற்றோர்' என்று ஒரு மொழிபெயர்ப்பு வருவதுண்டு. ப்ளாய்லர் நூறு ஆண்டுக்கு முன்பு வேறு நோயாளிகளுக்குச் சொன்ன பொருளை இந்தக் குழந்தைகள் மேல் ஏற்றும் சொல் அது. மின்விசிறியின் சத்தமும் சட்டைக் காலரின் உறுத்தலும் தாங்காமல் காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தைக்குப் புற உலகம் இல்லாமல் இல்லை. அளவுக்கு மீறி இருக்கிறது. 'ஆட்டிசம்' என்றே எழுதிவிடுவது மேல்.

மன அழுத்தமா, மனச்சோர்வா?

தமிழ்ச் செய்திகளில் தினமும் நடக்கும் குழப்பம் இது. 'டிப்ரெஷன்' என்பதற்கு லத்தீன் வேர்ப்பொருள் கீழே அழுத்துவது. அதனால் 'மன அழுத்தம்' என்று சிலர் மொழிபெயர்த்தார்கள். 'ஸ்ட்ரெஸ்' பொறியியலில் ஒரு பொருளின் மீதான அழுத்தத்தைக் குறித்த சொல். ஹான்ஸ் செல்யே என்ற ஆய்வாளர், 1936இல் வெளியான எலிச் சோதனைகளில் தொடங்கிய தன் வேலையின் வழியே அதை உடலுக்கும் மனதுக்கும் கொண்டுவந்தார். அதற்கும் 'மன அழுத்தம்' என்றே எழுதினோம். ஆக ஒரே சொல்லில் இரண்டு பொருள்.

1. ஸ்ட்ரெஸ்: வெளியிலிருந்து வரும் நெருக்கடிக்கு உடலும் மனமும் காட்டும் எதிர்வினை. நெருக்கடி தீர்ந்தால் பெரும்பாலும் இதுவும் தீரும்.

2. டிப்ரெஷன்: ஒரு நோய். குறைந்தது இரண்டு வாரம், நாளின் பெரும்பகுதி வாட்டமோ எதிலும் விருப்பமின்மையோ இருக்க வேண்டும். அதோடு தூக்கம், பசி, கவனம், சக்தி குறைவது, குற்ற உணர்வு, சாவைப் பற்றிய எண்ணம் போன்றவற்றில் சில சேர்ந்து, மொத்தம் ஐந்து அறிகுறிகளாவது தேறினால்தான் டி.எஸ்.எம். கணக்கில் நோய். வெளியே எந்த நெருக்கடியும் இல்லாமலும் வரும்.

3. இரண்டையும் கலந்தால் வரும் விளைவு: டிப்ரெஷன் உள்ளவரிடம் 'ரெண்டு நாள் லீவு போட்டு ஊருக்குப் போய்ட்டு வா, சரியாயிடும்' என்பார்கள். அவரும் போய்வருவார், சரியாகாது. அதற்கும் தன்னையே குறை சொல்லிக்கொள்வார்.

மருத்துவர்கள் டிப்ரெஷனுக்கு 'மனச்சோர்வு' என்று எழுதுகிறார்கள். பத்திரிகைகள் இந்த ஒரு சொல்லை மட்டும் உறுதியாகப் பிடித்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீரும். காலையில் சிரிப்பு, மாலையில் கோபம் என்பதற்கெல்லாம் 'பைபோலார்', அதாவது மிகையான எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் நோய், என்று சொல்வதும் இதே ரகம். ஜெர்மன் மனநல மருத்துவர் கார்ல் லியோன்ஹார்ட் 1957இல் பிரித்துக் காட்டிய அந்த நோயில், எழுச்சி நிலை என்று சொல்ல நாட்கணக்கு வேண்டும், மணிக்கணக்கு போதாது.

நரம்புத் தளர்ச்சி

பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரிலும் லாட்ஜ் வைத்தியர்களின் விளம்பரத்திலும் ஒட்டியிருக்கும் இந்தச் சொல்லுக்கு அமெரிக்கப் பூர்வீகம் உண்டு என்று பலருக்குத் தெரியாது. 1869இல் நியூயார்க் மருத்துவர் ஜார்ஜ் பியர்ட் 'நியூரஸ்தீனியா' என்ற பெயரைப் பரப்பினார். நேர்ப்பொருளே நரம்பின் பலவீனம். நரம்புகளில் ஒரு சக்தி ஓடுகிறது, நீராவி எந்திரமும் தந்தியும் செய்தித்தாளும் நிறைந்த புதிய வாழ்க்கை அதைக் காலி செய்துவிடுகிறது என்று அவர் விளக்கினார். களைப்பு, தலைவலி, தூக்கமின்மை, ஆண்மைக் குறைவு என எல்லாமே அந்தக் கணக்கில் சேர்ந்தன.

ஐரோப்பாவில் பரவி, ஜப்பான், சீனா வரை போனது. டி.எஸ்.எம். 1980இல் அதைக் கைவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி.யில் பத்தாம் பதிப்பு வரை இருந்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பில் தனி நோயாக இல்லை. சீனாவின் ஹுனான் மாகாணத்தில் இந்தப் பெயரில் சிகிச்சை பெற்ற 100 பேரை ஆர்தர் கிளைன்மன் பரிசோதித்தபோது, 87 பேருக்கு உண்மையில் இருந்தது கடும் மனச்சோர்வு. அந்த முடிவு 1982இல் வெளியானது. மனநோய் என்று சொல்ல வெட்கம், நரம்பு என்றால் கௌரவம்.

நம்மூரில் இந்தப் பெயரோடு இன்னொரு பயமும் கலந்துவிட்டது. விந்து போனால் உயிர்ச்சக்தி போகும் என்ற பழைய நம்பிக்கையால் இளைஞர்கள் படும் பதற்றத்தை, மனநல மருத்துவர் என்.என். விக் 1960இல் 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயரிட்டு விவரித்தார். கை நடுங்குகிறது, படிப்பில் மனம் செல்லவில்லை என்று வரும் இருபது வயதுப் பையனுக்கு இருப்பது பெரும்பாலும் பதற்ற நோயோ மனச்சோர்வோ. அவனிடம் 'நரம்பு தளர்ந்துவிட்டது' என்று சொல்லி மாதக்கணக்கில் லேகியம் விற்கிறார்கள். இல்லாத நோயின் பெயர் இருக்கும் நோயை மறைத்துவிடுகிறது. இதைவிடப் பச்சையான மோசடி மனநலத்தில் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. உண்மையில் நரம்பில் கோளாறு என்றால் அதைப் பார்ப்பவர் நரம்பியல் மருத்துவர்; அதற்கு 'தளர்ச்சி' என்று ஒரு நோய்ப் பெயர் கிடையாது.

'சைக்கோ' என்ற குப்பைத்தொட்டி

இரண்டு வெவ்வேறு சொற்களின் தலையை வெட்டி எடுத்த துண்டு இது.

1. சைக்கோசிஸ்: 1840களில் ஜெர்மன் மொழி மருத்துவ நூல்களில் வந்த சொல். குரல் கேட்பது, பொய்யான நம்பிக்கை என்று யதார்த்தத்தோடு தொடர்பு அறுந்த நிலை. ஸ்கிஸோஃப்ரீனியாவில் வரும், கடுமையான பைபோலாரில் வரும், சில போதைப்பொருட்களாலும் வரும். இந்த நிலையில் இருப்பவர் பெரும்பாலும் பயந்துபோய் ஒடுங்கியிருப்பார். பிறரைத் தாக்குவதைவிடத் தாக்கப்படும் வாய்ப்பே அவருக்கு அதிகம்.

2. சைக்கோபாத்: ஜெர்மன் மருத்துவர் கோச் 1891இல் பரப்பியபோது பலவகை மனக்கோணல்களுக்கும் பொதுவாக இருந்தது. அமெரிக்க மருத்துவர் ஹெர்வி கிளெக்லி 1941இல் எழுதியதற்குப் பிறகுதான் இரக்கமோ குற்றவுணர்வோ இல்லாத, வெளிப்பார்வைக்கு இயல்பாகத் தெரியும் ஆளைக் குறிக்கும் சொல்லாக நிலைத்தது. இவருக்குக் குரல் கேட்காது, யதார்த்தம் நன்றாகவே தெரியும். டி.எஸ்.எம்.மில் இந்தப் பெயரில் நோயே இல்லை. 'சமூக விரோத ஆளுமைக் கோளாறு' என்று ஓரளவு ஒத்த ஒன்று உண்டு.

ஒரு கொலைகாரனை 'சைக்கோ' என்று எழுதும்போது, இரண்டாவது வகை ஆளின் கொடூரம் முதல் வகை நோயாளியின் தலையில் விழுகிறது. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு ஒழுங்காக வேலைக்குப் போகும் பெண்ணுக்கு வாடகை வீடு கிடைக்காமல் போவது இந்தத் தலைப்புகளால்தான்.

சட்டத்தில் வேறு அர்த்தம்

1912இல் பிரிட்டிஷார் கொண்டுவந்த சட்டத்தின் பெயரிலேயே 'லூனசி' இருந்தது. 1987இல் மனநலச் சட்டம் அதை மாற்றியது. 2017இல் நிறைவேறி 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் அதையும் மாற்றியது. சென்னையில் 1794இல் தொடங்கி, 1871இல் இப்போதைய இடத்துக்கு வந்த காப்பகம் 1922இல் மனநோய் மருத்துவமனை ஆகி, இன்று மனநல நிறுவனமாக இருக்கிறது. ஆனாலும் 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பெயர் வசையாகவே ஒட்டிக்கொண்டது. பலகையை மாற்றியதால் மட்டும் பேச்சு மாறிவிடவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் கருகிச் செத்த பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது. இன்றைய சட்டம் சங்கிலியில் கட்டுவதைத் தடை செய்கிறது. உடல்நோய்க்குத் தருவதைப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்றும் சொல்கிறது.

இந்தச் சட்டத்தின்படி மனநோய் என்பது சிந்தனை, மனநிலை, புலனுணர்வு, நினைவு போன்றவற்றில் வரும் கணிசமான கோளாறு. அது ஒருவரின் தீர்மானிக்கும் திறனையோ அன்றாட வாழ்க்கையையோ வெகுவாகப் பாதிக்க வேண்டும். அறிவுசார் குறைபாடு இதில் வராது. அதற்கு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. 'இடியட்', 'இம்பெசைல்', 'மோரான்' எல்லாம் ஒரு காலத்தில் நுண்ணறிவு எண்ணை வைத்துப் பிரித்த மருத்துவப் பெயர்களே. மூன்றாவதை 1910இல் ஹென்றி காடர்ட் உருவாக்கினார். மனநோயையும் அறிவுசார் குறைபாட்டையும் ஒன்றாக்கிப் பேசுவது இரண்டு தரப்புக்கும் கெடுதல். ஒன்றுக்கு மருந்து உதவும், மற்றதற்குச் சிறுவயதிலேயே தொடங்கும் பயிற்சி வேண்டும்.

குற்ற வழக்கில் இந்த வரையறையும் பயன்படாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு 'சித்த சுவாதீனம் இன்மை' பற்றித்தான் பேசுகிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு அப்படியே தொடர்கிறது. அதன் வேர் 1843இல் இங்கிலாந்தில் மெக்நாட்டன் வழக்கையொட்டி உருவான விதிகள். நீதிமன்றம் கேட்பது ஒன்றே: அந்தச் செயலைச் செய்த அந்த நேரத்தில், தான் செய்வது என்ன என்றோ, அது தவறு என்றோ அறியும் நிலையில் அவர் இருந்தாரா? பத்து வருடமாக ஸ்கிஸோஃப்ரீனியாவுக்குச் சிகிச்சை பெற்றவரும் அந்த நேரத்தில் தெளிவாக இருந்திருந்தால் தண்டனை பெறுவார். 'மனநோய்ச் சான்றிதழ் காட்டித் தப்பிக்கிறார்கள்' என்று செய்திக்குக் கீழே எழுதுபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

மருத்துவச் சீட்டில் உள்ள எண்கள்

டிஸ்சார்ஜ் சம்மரியிலும் காப்பீட்டுப் படிவத்திலும் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். அவை ஐ.சி.டி. குறியீடுகள். பத்தாம் பதிப்பில் எஃப் 20 ஸ்கிஸோஃப்ரீனியா, எஃப் 31 பைபோலார், எஃப் 32 மனச்சோர்வு, எஃப் 42 எண்ணச் சுழற்சி நோய் (ஓ.சி.டி.), எஃப் 84 ஆட்டிசத்தை உள்ளடக்கிய தொகுதி, எஃப் 70 முதல் 79 வரை அறிவுசார் குறைபாடு. பழைய கோப்பில் எஃப் 48.0 என்று இருந்தால் அதுதான் பியர்டின் நியூரஸ்தீனியா. அதை வைத்துக்கொண்டு இருபது வருடமாக 'நரம்பு வீக்' என்று மாத்திரை சாப்பிட்டு வருபவர்கள், அந்தக் கோப்பை எடுத்துக்கொண்டு ஒரு மனநல மருத்துவரிடம் போய், இன்றைய கணக்கில் இதற்கு என்ன பெயர், இந்த மாத்திரை இன்னும் தேவையா என்று கேட்கலாம். பதினோராம் பதிப்பில் குறியீடுகளே மாறிவிட்டன. எஃப் 20 அங்கே 6ஏ20. புதுச் சீட்டையும் பழைய சீட்டையும் ஒப்பிடும்போது எண் வேறாக இருப்பதைப் பார்த்து நோயே மாறிவிட்டது என்று பயப்பட வேண்டியதில்லை.